பால் ஏன் வளையமாக அடிப்பிடிக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

அடிப்பிடித்த பால் பாத்திரத்தோடு கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எவர்சில்வர் நல்ல சரக்கு என்றுதானே கொடுத்தீர்கள், பிறகு ஏன் இப்படிக் கருகுகிறது?" அந்தப் பாத்திரத்துக்குள் உற்றுப் பாருங்கள். கருகல் அடி முழுவதும் பரவியிருக்காது. பர்னரின் அகலத்துக்கு ஒரு பழுப்பு வளையமாக விழுந்திருக்கும். நடுப்பகுதி பளிச்சென்றே இருக்கும். சரக்கில் குறையிருந்து விழுந்த வளையம் அல்ல அது. வெப்பம் உலோகத்துக்குள் நகரும் விதத்தால் விழுந்தது. அதை விளக்கத்தான் இந்த மடல். வீட்டில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு என்று அவர்கள் பாடத்தில் படிக்கும் மூன்றும் உங்கள் அடுப்படியில் அன்றாடம் நடக்கின்றன.

வெப்பம் எப்போதும் சூடு மிகுந்த இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கே செல்லும். திடப்பொருளில் அணுக்கள் இடம்விட்டு நகர்வதில்லை. சூடேறிய அணுக்கள் வேகமாக அதிர்ந்து பக்கத்து அணுக்களையும் அதிர வைக்கின்றன. உலோகங்களில் இதோடு, தளையின்றி உலவும் எலக்ட்ரான்களும் ஆற்றலைச் சுமந்து செல்வதால் வெப்பம் விரைவாகப் பரவுகிறது. இதுதான் வெப்பக்கடத்தல். ஆனால் எல்லா உலோகமும் ஒரே வேகத்தில் கடத்துவதில்லை. எவர்சில்வரோடு ஒப்பிட்டால் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 3 மடங்கும், பித்தளை 7 மடங்கும், அலுமினியம் 12 முதல் 15 மடங்கும், தாமிரம் 25 மடங்கும் நன்றாகக் கடத்தும். துருப்பிடிக்காது, புளிக்கு அசராது, எளிதில் நசுங்காது என்று எத்தனையோ நற்குணங்கள் உள்ள எவர்சில்வர், வெப்பத்தைக் கடத்துவதில் மட்டும் மந்தம்.

எனவே மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் சுடர் படும் இடத்தில் நுழைந்த வெப்பம் பக்கவாட்டில் பரவத் தடுமாறுகிறது. அந்த வளையம் மட்டும் கொதிக்கொதிக்கச் சூடேறுகிறது. பாலில் உள்ள புரதம் சூட்டில் திரண்டு அடியில் படியும். படிந்தது அந்த வளையத்தில் ஒட்டிக் கருகும். அடியில் கனமான அலுமினியத் தகடு வைத்த பாத்திரத்திலோ, இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அழுத்திய ட்ரைப்ளை பாத்திரத்திலோ, வெப்பம் முதலில் அகலமாகப் பரவி, பிறகுதான் பாலுக்கு ஏறும். அடியில் தாமிர முலாம் மட்டும் பூசிய பாத்திரங்களும் எங்களிடம் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகுக்காக வாங்குங்கள். வெப்பத்தைப் பரப்ப அவ்வளவு மெல்லிய பூச்சு போதாது. இதைச் சொல்லாமல் விற்க எங்களுக்கு மனமில்லை.

அதற்காக எல்லாப் பாத்திரத்தையும் அடிகனமாக வாங்க வேண்டுமா? வேண்டாம். திரவங்களுக்குத் தாமே சுழலும் குணம் உண்டு. ரசம் சூடேறும்போது கவனியுங்கள்: அடியில் சூடான நீர் விரிந்து, அடர்த்தி குறைந்து மேலே வரும், மேலே இருந்த குளிர்ந்த நீர் கீழே இறங்கும். கறிவேப்பிலையும் மிளகும் அந்த ஓட்டத்தோடு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இதுதான் வெப்பச்சலனம். வெந்நீருக்கும் ரசத்துக்கும் மெல்லிய பாத்திரமே போதும். உள்ளே இருப்பதே வெப்பத்தைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அல்வாவும் களியும் சர்க்கரைப் பொங்கலும் கெட்டியானவை. அவற்றால் தாமே சுழல முடியாது. அடியில் உள்ளது அடியிலேயே நின்று கருகும். கை ஓயாமல் கிளறுவது எதற்கு என்று இப்போது புரியும்: சலனம் தானாக நடக்காத இடத்தில் கரண்டிதான் அதைச் செய்கிறது. பாத்திரம் வாங்க வரும்போது, "இதில் என்ன சமைக்கப் போகிறீர்கள்?" என்று நாங்கள் முதலில் கேட்பதும் இதனால்தான்.

ஈயச்சொம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது காரீயம் (லெட்) அல்ல, வெள்ளீயம் (டின்). கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புச் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். பிறகு எப்படி ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோம்? உள்ளே நீர் இருக்கும்வரை, சொம்புக்கு வரும் வெப்பத்தையெல்லாம் அது வாங்கிக்கொண்டே இருக்கிறது. கொதிக்கும் நீரின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்பின் சுவரும் அதற்குமேல் வெகுதூரம் போவதில்லை. ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் வையுங்கள், தீயைச் சிறிதாக வையுங்கள், வற்றவிடாதீர்கள். வெறும் சொம்பை ஏற்றினால் சில நிமிடங்களில் அடி வழிந்து ஓடும்.

அதே 100 டிகிரியில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. ஒரு கிராம் நீராவி மீண்டும் நீராகும்போது ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராம் கொதிநீர் நம் உடல் சூட்டுக்கு ஆறும்போது தருவது ஏறத்தாழ 260 ஜூல்தான். இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வெந்துவிடுவது இந்த உள்ளுறை வெப்பத்தின் தயவால். ஆவி பட்ட கை கொதிநீர் பட்டதைவிடக் கடுமையாகப் புண்ணாவதும் அதனால்தான். குக்கர் மூடியையும் இட்லிப் பானை மூடியையும் முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்கப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் பழக்குங்கள்.

தோசைக்கல்லுக்கு வேறு கணக்கு. வார்ப்பிரும்பு நிதானமாகத்தான் சூடேறும். ஆனால் எடை மிகுந்த கல் நிறைய வெப்பத்தைத் தன்னுள் வைத்திருக்கும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சட்டென்று சூடு இறங்காது. மெல்லிய தவாவில் இரண்டாவது தோசை வெளுத்துப் போகும். கல்லை வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருப்பதையே எடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை. ஒரே அளவான எவர்சில்வர், பித்தளை, மரக் கரண்டிகளின் காம்பில் ஒரே உயரத்தில் சிறிது வெண்ணெயை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுக்கடலையை ஒட்டுங்கள். மூன்றையும் வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் நிறுத்துங்கள். எந்தக் கடலை முதலில் விழுகிறது? 18-ஆம் நூற்றாண்டில் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், மெழுகு பூசிய உலோகக் கம்பிகளைக் கொண்டு இதே வழியில்தான் கடத்துதிறனை ஒப்பிட்டார். தாவரங்கள் சூரிய ஒளியில் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன என்று காட்டியவரும் அவரே. வெந்நீரை ஊற்றும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். கடலை விழும் வரிசையைப் பிள்ளைகளே முன்கூட்டி எழுதிவைக்கட்டும்.

இன்னொன்றுக்கு வெந்நீரும் தேவையில்லை. காலையில் எழுந்ததும் எவர்சில்வர் டம்ளரையும் மரக் கரண்டியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டம்ளர் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் இரவெல்லாம் ஒரே அறையில் இருந்த இரண்டுக்கும் வெப்பநிலை ஒன்றுதான். எவர்சில்வர் மற்ற உலோகங்களைவிட மந்தம் என்றாலும் மரத்தைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். தொடு உணர்வு சொல்வது வெப்பம் கையைவிட்டுப் போகும் வேகத்தை. வெப்பநிலையை அறிய வெப்பநிலைமானிதான் வேண்டும்.

கடைசியாக, பிளாஸ்க். 1892-இல் ஜேம்ஸ் டேவர் என்ற விஞ்ஞானி மிகக் குளிர்ந்த திரவங்களைச் சேமிப்பதற்காக வடிவமைத்த கலம் இது. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் அந்த இடைவெளியில் கடத்தலும் இல்லை, சலனமும் இல்லை. மிஞ்சுவது கதிர்வீச்சு, அதற்குப் பொருளே தேவையில்லை, வெற்றிடத்திலும் பாயும், சூரியனின் வெப்பம் நம்மை வந்தடைவது போல. அதைப் பளபளப்பான சுவர் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் வெப்பம் கசிவது கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான். காபி ஊற்றுவதற்கு முன் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள். உள்சுவர் காபியின் சூட்டைத் தின்னாது. சூடாக எதையாவது நிரப்பிய பிளாஸ்கின் வெளிச்சுவர் தொட்டால் சுடுகிறதென்றால் உள்ளிருந்த வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அதை மீட்டெடுக்கக் கடைகளில் வழியில்லை. யாராவது சரிசெய்து தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் ரசீதோடு எங்களிடம் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பாத்திரக் கடையினர்