அறுபதுகளின் கட்டடங்களும் நம் மரபுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரபுக் கட்டடம் என்றதும் ஆங்கிலேயர் காலத்து மணிக்கூண்டும் பழைய கோயில்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மெர்டேக்கா எனும் நாட்டு விடுதலைக்குப் பின் எழுந்த கட்டடங்களை நம்மில் பலர் அந்த வரிசையில் வைப்பதில்லை என்பது எனது நெடுநாள் மனக்குறை.

1960இல் லிம் சோங் கியாட், சென் வூன் ஃபீ, வில்லியம் லிம் என்ற மூன்று இளம் கட்டடக் கலைஞர்கள் ‘மலாயன் ஆர்க்கிடெக்ட்ஸ் கோ-பார்ட்னர்ஷிப்’ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். வெளிநாட்டில் நவீனக் கட்டடக் கலை பயின்றிருந்தாலும், நம் வெயிலையும் மழையையும் கணக்கில் கொண்டே அவர்கள் வரைந்தார்கள். சிரம்பான் ஏரிப் பூங்காவை ஒட்டி, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஒன்பது பகுதிகளைக் குறிக்கும் ஒன்பது தூண்களோடு நிற்கும் மாநிலப் பள்ளிவாசல் அவர்களுடைய படைப்புதான். 1965இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட மாநாட்டு மண்டபமும் தொழிற்சங்க இல்லமும் இணைந்த கட்டடமும் அவர்களுடையதே. அகன்று நீளும் கூரை நிழல் தர, காற்று தடையின்றி உள்ளே நடமாட, தாழையோலையால் பின்னும் மெங்குவாங் பாயின் கோலம் சுவர்களில் இடம்பெற, தொழிலாளர்களுக்கென்றே எழுந்த கட்டடம் அது. தோட்டத் தொழிற்சங்கத்தின் நிழலில் வளர்ந்த நம்மவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் 2010இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டது.

1967இல் கூட்டு கலைந்தது. லிம் சோங் கியாட் பின்னாளில் பினாங்கின் கொம்தார் கோபுரத்தை வடிவமைத்தார். சென் வூன் ஃபீ, பழைய கட்டடங்களைக் காக்க 1983இல் உருவான ‘பாடான் வாரிசான் மலேசியா’வின் நிறுவனர்களுள் ஒருவரானார். பிறர் கட்டியதைக் காக்க உழைத்த அவருடைய தலைமுறையின் கட்டடங்கள் பலவற்றுக்கு இங்கே இன்று காவல் இல்லை என்பது வேதனை தருகிறது.

அவர்கள் காலத்துச் சிந்தனை சிற்றூர்களிலும் பரவியது. எங்கள் ஊர் மண்டபத்தின் இரு பக்கச் சுவர்களிலும் துளையிட்ட சிமெந்துக் கற்களை அடுக்கியிருந்தார்கள். நண்பகலில் திருமணம் நடந்தாலும் புழுக்கம் தெரியாது. அண்மையில் புதுப்பித்தவர்கள் அத்துளைகளைப் பலகையால் அடைத்துக் குளிர்சாதனம் பொருத்தினர். இப்போது மின்சாரம் தடைப்பட்டால் பந்திக்கு வந்தவர்கள் வெளியே ஓட வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டடத்தைக் காக்க, மலேசியாவின் பழைய தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு வயதை எதிர்பார்த்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆகவே, ஒவ்வொரு நகராண்மைக் கழகமும் தன் எல்லைக்குள் இருக்கும் 1960களின் பொதுக் கட்டடங்களைப் பட்டியலிட வேண்டும். புதுப்பிக்கக் குத்தகை விடும் முன், மூல வரைபடத்தைக் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் காட்டி, காற்று வரும் வழி எது என்று கேட்டறிவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்