ஸ்ட்ரிக்சருக்கு மருந்து பலூன்: கட்டுரையில் விட்டுப்போனவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுநீர்ப் பாதைச் சுருக்கத்துக்கு மருந்து தடவிய பலூன் வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்கள் வீட்டில்கூட வாய் திறக்காத ஒரு நோயைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் இனி ஆபரேஷனே வேண்டாம் என்கிற தொனியில் கட்டுரை முடிந்திருப்பதுதான் கவலையாக இருக்கிறது. என் அண்ணன் இந்த ஸ்ட்ரிக்சரோடு வருஷக்கணக்கில் அல்லாடியவர். துணைக்குப் போய் வந்தவன் நான். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஐசியூவில் இருந்தபோது சிறுநீர் வெளியேறப் போட்ட கதீட்டர் குழாயால் அவருக்கு உள்ளே புண்ணாகி, ஆறும்போது தழும்பு கட்டி, பாதை குறுகிவிட்டது. அதை விரித்துவிடுவதை டைலேஷன் என்பார்கள். மரத்துப்போக ஜெல்லியைச் செலுத்திவிட்டு, தட்டில் வரிசையாக வைத்திருக்கும் ஸ்டீல் கம்பிகளில் மெல்லியதை முதலில் விட்டு எடுத்து, அப்புறம் அதைவிடத் தடித்தது, அப்புறம் இன்னும் தடித்தது. கொஞ்ச நாள் நன்றாகப் போகும், வெளியூர் பஸ்ஸில் ஏறத் தைரியம் வரும், பிறகு மறுபடி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக. சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்ட் எடுத்த காகிதத்தைப் பார்த்திருக்கிறேன். நன்றாக மேலே எழுந்து இறங்க வேண்டிய கோடு எழவே இல்லை, தரையோடு தரையாகக் காகிதத்தின் ஓரம் வரை நீண்டிருந்தது. நொடிக்கு 15 மில்லியாவது வர வேண்டும் என்றார்கள், அவருக்கு அதில் பாதிகூட இல்லை.

திரும்பத் திரும்ப இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. கம்பி விட்டு விரித்தாலும் சரி, உள்ளே கேமரா விட்டுக் கீறினாலும் சரி, தழும்பு கிழிந்துதான் வழி கிடைக்கிறது. கிழிந்த இடம் ஆறும்போது மறுபடி தழும்பாகவே ஆறுகிறது. புதிய பலூன் இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. முதலில் பாதையை வழக்கம்போலத் திறந்துவிட்டு, பிறகு பாக்லிடாக்ஸெல் பூசிய பலூனை உள்ளே ஊதிச் சில நிமிடங்கள் அப்படியே வைக்கிறார்கள். மருந்து கிழிந்த திசுவுக்குள் இறங்கி, தழும்பை உண்டாக்கும் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துதான் என்று யாரும் பயப்பட வேண்டாம். கால் ரத்தக்குழாய் அடைப்புக்கான பலூன்களிலும் இதே மருந்தைத்தான் பூசுகிறார்கள். ஆனால் இது விந்தில் வெளியேறும் என்பதால் 30 நாள் ஆணுறை கட்டாயம், மனைவி கருத்தரிக்கும் வயதில் இருந்தால் 6 மாதம் கருத்தடை வேண்டும். இந்த ஒரு விஷயத்தையாவது கட்டுரை சொல்லியிருக்க வேண்டும், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள் நம் ஆட்கள்.

ஆப்டிலூம் என்ற இந்தப் பலூனுக்கு மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது அமெரிக்காவிலும் கனடாவிலும் 127 பேரை வைத்து நடந்த ரோபஸ்ட் 3 ஆய்வு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் பலூன் வைத்தவர்களில் சுமார் 83 சதவீதம் பேருக்கு மறு சிகிச்சை தேவைப்படவில்லை, வழக்கமான டைலேஷனோ கீறலோ செய்தவர்களில் அது 22 சதவீதம்தான். பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பாருங்கள். ஏற்கெனவே டைலேஷனோ கீறலோ செய்து பலன் இல்லாமல் வந்தவர்களுக்குத்தான் மறுபடியும் அதையே ஒரு பக்கம் செய்தார்கள். ஆபரேஷனோடு அங்கே ஒப்பிடவே இல்லை. இதற்கு முந்தைய ரோபஸ்ட் 1 ஆய்வில் 53 பேர்தான். 5 வருஷம் கழித்து அதில் பலன் நிலைத்தது சுமார் 58 சதவீதம் பேருக்கு.

அதோடு எஃப்டிஏ அனுமதித்தது ஆண்களுக்கு, பாதையின் முன்பகுதியில், 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாத, திரும்பத் திரும்ப வரும் சுருக்கத்துக்கு மட்டும்தான். தோல் வெளுத்து இறுகிப்போகும் லைக்கன் ஸ்க்ளீரோசஸால் சுருக்கம் வந்தவர்களை ரோபஸ்ட் 3 ஆய்வில் சேர்க்கவே இல்லை. நீளமான சுருக்கம் இருப்பவர் கட்டுரையைப் படித்துவிட்டுப் பலூனுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்?

அண்ணனைப் பல காலம் பார்த்த டாக்டர் ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதையே எங்களிடம் சொல்லவில்லை. வேறு ஒருவரிடம் போனபோதுதான் ஆர்ஜியூ எடுக்கச் சொன்னார், சாயம் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. சுருக்கம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. கன்னத்தின் உள்பக்கத் தோலை எடுத்து வைத்து, பாதையைச் சீரமைக்கும் யூரித்ரோபிளாஸ்டி ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வாரம் வாயில் எரிச்சல், கஞ்சியும் மோரும்தான் ஆகாரம். இப்போது தாராளமாகப் போகிறது. இந்த ஆபரேஷனில் நம் நாடு ஒன்றும் பின்தங்கி இல்லை, புனே டாக்டர் சஞ்சய் குல்கர்னியின் முறையைக் கற்க வெளிநாட்டு டாக்டர்களே வருகிறார்கள். டைலேஷனோ கீறலோ ஒருமுறை பலன் தராவிட்டால் அதையே தொடராமல் யூரித்ரோபிளாஸ்டியைச் சொல்லுங்கள் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமே 2016 வழிகாட்டலில் சொல்லிவிட்டது. 2023இல் திருத்தியபோது, பாதையின் முன்பகுதியைச் சேர்ந்த பல்பார் என்ற இடத்தில் குட்டையான சுருக்கம் திரும்ப வந்தால் மருந்து பலூனையும் தரலாம் என்று சேர்த்தார்கள். ஆபரேஷனை அதற்காக எடுத்துவிடவில்லை.

பலூன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குட்டையான சுருக்கம் உள்ளவருக்கு, பெரிய ஆபரேஷனைத் தாங்காத உடம்புக்காரருக்கு, இது பெரிய ஆறுதல். ஆனால் ஆர்ஜியூ எடுக்காமல் பலூன் வைத்துக்கொள்ள யாரும் சம்மதிக்கக் கூடாது. அடுத்த இதழ்களில் ஒன்றிலாவது யூரித்ரோபிளாஸ்டி செய்யும் ஒரு டாக்டரைக் கேட்டு, யாருக்குப் பலூன், யாருக்கு ஆபரேஷன் என்று விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள். கதீட்டர் போடும்போதே இந்தக் காயம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கரூர்