அது கடவுள் சித்தம் இல்லை பாப்பா

சந்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

வியாழக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். கோபம் இல்லை கண்ணு. "ஆபீசில் ஆள் குறைக்கிறாங்க, என் பேரும் வரலாம். புனேயிலேயே இருந்து பார்க்கட்டுமா, ஊருக்கு வந்துடட்டுமா, நீங்களே சொல்லுங்கப்பா" என்றாய். "மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை முழுங்கினதில்தான் பேச்சு நின்றுபோனது.

பன்னிரண்டாவது முடித்ததும் கோயம்புத்தூரில் விவசாயம் படிக்கிறேன் என்றாய். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேர்த்தேன். சேறு மிதிப்பது என்னோடு போகட்டும் என்ற நினைப்பு. நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இது கடவுள் சித்தம் பாப்பா" என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். அதைப் பற்றி நான் கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. என் சித்தத்தின் மேல் அவர் பெயரை ஒட்டிக் கொடுத்தேன். பெங்களூரா மாங்கன்றில் அல்போன்சா என்று சீட்டுக் கட்டி விற்கிற ஆட்களை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்! காய்க்கிற வரைக்கும் வாங்கினவனுக்குத் தெரியாது. அதையேதான் உனக்கு நான் செய்தேன். மன்னித்துக்கொள்.

இதை இப்போது எழுத வைத்தது அந்த மழைதான். 2024 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தோம். ஃபெஞ்சல் புயல் முந்தின நாளே புதுச்சேரிப் பக்கம் கரை கடந்துவிட்டது, நமக்கென்ன என்று இருந்தேன். மறுநாள் காலைக்குள் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர். ரோட்டோரம் நின்ற வேன், கார் எல்லாம் வெள்ளத்தில் போனதை நீயும் டிவியில் பார்த்தாய். இங்கே நான் ராத்திரி மண்வெட்டியோடு நம் மாங்கன்றுப் பண்ணையில் நின்று தண்ணீருக்கு வழி வெட்டினேன். வெட்ட வெட்ட மூடிக்கொண்டே வந்தது. அம்மா வாசலில் நின்று "போதும் வாங்க" என்று கத்தினாள். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது! கடைசியில் கை தூக்க முடியாமல்தான் உள்ளே வந்தேன், விசுவாசத்தால் இல்லை. அவள் செபமாலை சொல்ல, நான் எத்தனை கன்றுப் பை போயிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் சேற்றில் கிடந்தது. கோயிலில் சாட்சி சொல்லுகிற மாதிரி அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று காலை "உம்முடைய சித்தம்" என்று சொல்லும்போது முதல் தடவையாகச் சீட்டு ஒட்டாமல் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அம்மாவுக்குத் தெரியாது.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் எடுத்தவுடன் "உம் விருப்பப்படி ஆகட்டும்" என்று சொல்லவில்லை. இந்தக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும் என்று முதலில் தனக்கு வேண்டியதைக் கேட்டார். அதுவும் ஒரு தடவையோடு முடியவில்லை. மூன்று தடவை போய் அதையே வேண்டினார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படியென்றால், நீ ராத்திரி ஒப்புக்கொடுத்துவிட்டுக் காலையில் மறுபடி பயப்படுவதில் ஒன்றும் தப்பில்லை. வேலை போகக் கூடாது என்று வாய் விட்டுக் கேள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. மோசேயின் அம்மா பிள்ளையை வைத்த பெட்டிக்குத் தார் பூசாமல் ஆற்றில் விடவில்லையே. வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போடு. மூன்று மாத வாடகையைத் தனியாக எடுத்து வை. பிஎஃப் பணத்தில் இப்போதே கை வைக்காதே. அதற்கு மேல் பெட்டிக்குத் துடுப்பும் கிடையாது, சுக்கானும் கிடையாது. பிள்ளையின் அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இருக்கிறது. அந்த அளவுக்கு எனக்கும் அனுமதி உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த வருஷ மாங்கன்று ஒட்டு ஆரம்பித்துவிட்டோம். சின்ன வயசில் உன் தாத்தாவிடம் நான் வாங்கின அடியெல்லாம் இந்த வேலையில்தான். ஒட்டுக் குச்சியைச் சீவி, நாற்றில் செருகி, நாடா சுற்றி, உறை மாட்டியாயிற்று என்றால் சுமார் மூன்று வாரம் தொடக்கூடாது. எனக்குப் பொறுக்காது. பிடித்திருக்கிறதா என்று நாடாவை லேசாக அவிழ்த்துப் பார்ப்பேன். அவிழ்த்த செடியெல்லாம் காய்ந்தது. தொடாமல் விட்டதிலும் பத்துக்கு இரண்டு பட்டுப்போகத்தான் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ புனேயில் இருந்தாலும் சரி, வந்தாலும் சரி. முடிவு உன்னுடையது. வந்தால் உன் அறை அப்படியேதான் இருக்கிறது, மாங்கொட்டை மூட்டை இரண்டை மட்டும் வெளியே எடுக்கணும்.

நீ கூப்பிடுகிற வரைக்கும் நானாகப் போன் செய்ய மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா