வாடியில் வெட்டுப்படும் ஆழ்கடல் மீன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வலையில் சிக்கிய விசித்திர மீன்" என்று பத்திரிகைகளில் அடிக்கடி படம் வருகிறது. ஆவலோடு பார்ப்பேன். ஆனால் அந்த மீன் கடலில் எந்த இடத்தில், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் அகப்பட்டது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

போன பங்குனியில் திருகோணமலைத் திருக்கடலூரில் மச்சானின் வாடிக்கு, அதாவது கரையிலுள்ள மீனவர் கொட்டிலுக்குப் போயிருந்தேன். ஆழத்தூண்டிலில் ஒரு மீன் ஏறியிருந்தது. ஒரு முழ நீளம், கரிக்கட்டை போலக் கறுப்பு. கண் மட்டும் பச்சையாக மினுங்கியது. வயிறு வாய்வழியே பிதுங்கி வெளியே வந்திருந்தது. ஆழத்து அழுத்தத்தில் சுருங்கியிருக்கும் காற்றுப்பை, மேலே வரவர ஊதிப்பெருத்து வயிற்றை அப்படித் தள்ளிவிடும். நான் உள்ளே போய் அடிமட்டம் தேடி எடுத்து வருவதற்குள் அது நாலு துண்டாகி இரைக்குப் போய்விட்டது. "ஏலத்தில் இதுக்கு யார் விலை கேட்கப்போறாங்க அத்தான்?" என்றான் மச்சான். அவனில் பிழை இல்லை. இதைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லையே.

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறையில், டைனோசர் காலத்தோடு அழிந்துபோனதாக நினைத்திருந்த சீலாகாந்த் மீன் ஒரு இழுவைப் படகில் வந்தது. அதை அடையாளம் கண்டு எடுத்துவைத்தவர் அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம்பெண். குளிரறை தர யாரும் சம்மதிக்கவில்லை. மீனைப் பாடம்பண்ணத்தான் முடிந்தது. உள்ளுறுப்புகள் எல்லாம் போய்விட்டன. அடுத்த மீனுக்காக, முதல் மீனை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்மித் படம் போட்ட துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, 100 பவுண் பரிசு அறிவித்து, 14 வருடம் காத்திருந்தார். கடைசியில் அது கொமரோ தீவுகளில் கிடைத்தது. அங்குள்ள மீனவர்களுக்கோ அது புதிய மீனே இல்லை, அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்!

நமது கடலும் லேசுப்பட்டதல்ல. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. கோணேசர் கோயில் மலையில் நின்று நீலத்திமிங்கிலத்தைப் பார்க்கிற ஊர் இது. 2018இல் நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் இலங்கைக் கடலைச் சுற்றி ஆராய்ந்தது. நல்ல வேலைதான். ஆனால் அப்படியொரு கப்பல் சில வாரம் நின்றுவிட்டுப் போய்விடும். நம்முடைய படகுகள் வருடம் முழுக்கக் கடலில் நிற்கின்றன.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பலநாள் படகு எங்கேயோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பிடித்த மீனையும் இங்கேதான் இறக்கும். அதற்குத் 'திருகோணமலை' என்று சீட்டு எழுதினால், எந்த மீன் எங்கே வாழ்கிறது என்ற வரைபடம் பிழையாகிவிடும். மீன் ஏறிய நேரத்தில் ஜிபிஎஸ் காட்டும் எண்ணையும், கயிறு விட்ட ஆழத்தையும் குறித்தால் போதும். அப்புறம் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, செட்டைகளை விரித்து, இரண்டு படம். செட்டையின் கதிர்களை எண்ணித்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள். விளக்குமீன் வகைகளில் உடம்பிலுள்ள ஒளிப்புள்ளிகளின் வரிசையைப் பார்ப்பார்கள். மீனை ஐஸில் வைக்க வேண்டும். முழுவதையும் கெடாமல் வைக்கப் போர்மலினில் போடுமுன் ஒரு துண்டுச் சதையை எதனோலில் எடுத்துவிட வேண்டும். இனத்தை உறுதிசெய்ய உதவும் டிஎன்ஏவைப் போர்மலின் கெடுத்துவிடும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் கோணேசபுரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் (NARA) அவர்களும் சேர்ந்து மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு குளிர்ப்பெட்டியும் பதிவேடும் வைத்து, கொண்டுவருகிறவருக்கு மீனின் விலையையாவது கொடுக்க வேண்டும். பிடித்தவரின் பெயரும், அவர் அந்த மீனுக்குச் சொல்கிற பெயரும் பதிவில் இருக்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் இனி இப்படிப் படம் போடும்போது பிடித்த இடம், ஆழம், தூண்டிலா வலையா என்பதையும் தயவுசெய்து கேட்டுப் போடுங்கள்.

மச்சானின் வாடியில் ஒரு கொப்பியும் அடிமட்டமும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை மூன்று மீன் பதிந்தாயிற்று. மூன்றாவதை அவனே எழுதியிருக்கிறான், ஆழத்தோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.