பாட்டே இல்லாத 'அந்த நாள்'

அன்புள்ள கண்ணா,

நீ சொன்ன படத்தை நேற்று ராத்திரி, அப்பா தூங்கின பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். "கடைசி பத்து நிமிஷம் வரைக்கும் கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாதும்மா" என்று சொன்னாய். உண்மைதான், முடியவில்லை. ஆனாலும் உன்னைப் போல என்னால் கொண்டாட முடியவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நன்றாகத்தான் பயம் காட்டினார்கள். அந்த லிஃப்ட் காட்சியில் கையில் எடுத்த முறுக்கைக் கடிக்க மறந்துபோனேன். அப்புறம் கடைசியில் ஒரு டாக்டர் வந்து, கொலைகாரனுக்கு மனநோய், பாதிக் கதை அவன் மனசுக்குள்ளேயே நடந்தது என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் காட்டலாமே! அதுவரை நான் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த சந்தேகத்துக்கெல்லாம் என்ன மதிப்பு? இன்னொன்றும் மனசை உறுத்தியது. பெரிய அத்தையைப் பத்து வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் நான். அவருக்குத்தான் எல்லாரையும் கண்டு பயம். அவரைக் கண்டு யாரும் பயந்ததில்லை. மனநோய் என்றாலே கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, நீ 'அந்த நாள்' பார்த்திருக்கிறாயா? 1954-இல் வந்த படம், ஏவி.எம். தயாரிப்பு. எஸ். பாலசந்தர் இயக்கினார், வீணை பாலசந்தரேதான். அத்தனை பெரிய சங்கீத வித்வான் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டு சர்வசாதாரணமாக இருந்த காலம் அது! தாத்தா அதை வந்த புதிதிலேயே தியேட்டரில் பார்த்தவர். பக்கத்து சீட்டுக்காரர் இடைவேளை வரை "பாட்டு எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

எனக்கு அதைக் காட்டியதும் தாத்தாதான். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படமாகப் போட்டார்கள். ஆரம்பித்த உடனே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆன சிவாஜி! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஹீரோவே போயாச்சு, இனிமே என்னப்பா படம்?" என்று கேட்டேன். தாத்தா விரலை உதட்டில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1943 அக்டோபர் 11 ராத்திரி ஜப்பான்காரன் விமானம் ஒன்று சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது நிஜமாகவே நடந்தது. கதை அதற்கு மறுநாள் தொடங்குகிறது. செத்துப்போன ராஜன் ரேடியோ இன்ஜினியர். சி.ஐ.டி. அதிகாரி ஒருவர் விசாரிக்க வருகிறார். படத்தின் திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமன்தான் அந்த அதிகாரி. மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனோடு தொடர்பு வைத்திருந்த ஒரு நாட்டியக்காரி என்று எல்லாரையும் அவர் கேட்கக் கேட்க, ஆளுக்கொரு ராஜன் வெளியே வருகிறான். சொத்தில் பங்கு தராத அண்ணன் ஒருவன், ஆசை காட்டி ஏமாற்றினவன் ஒருவன். அத்தனை பேரும் ஒரே ஆள்தான் என்று நம்பும்படி சிவாஜி நடித்திருப்பார்.

இதை, ஒரே சாவை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படமான குரோசாவாவின் 'ரஷோமோன்' மாதிரி என்று சொல்லாதவர்கள் கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் படத்தைப் பார்க்கும்வரை. அங்கே கொள்ளைக்காரன் நான்தான் கொன்றேன் என்கிறான். மனைவி தன் கையால் நடந்தது போலச் சொல்கிறாள். செத்தவனே ஆவியாக வந்து நானே குத்திக்கொண்டேன் என்கிறான். நம் படத்திலோ ஆளுக்காள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். நம் வீடுகளில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தவர் எழுதிய கதை இது, கண்ணா. சாவு வீட்டில் அழுதுகொண்டே பங்காளியைக் குறை சொல்லும் குரலை நீயும் கேட்டிருப்பாய். அப்புறம் 'ரஷோமோன்' உண்மையை நம்மிடமே விட்டுவிட்டுப் போகிறது. இது அப்படி விடாது, ஒரு முடிவைச் சொல்லிவிடும்.

அந்த முடிவை நான் சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் கவனித்துப் பார். மலிவு விலையில் ரேடியோ செய்ய வேண்டும் என்று கனவு கண்ட கெட்டிக்காரப் பையன் ராஜன். அவனை யாரும் மதிக்கவில்லை. அந்த அவமானம் அவனுக்குள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே வா. எந்த டாக்டரும் வந்து விளக்க வேண்டியதில்லை. கோபம், பணத்தாசை, தான் பெரியவன் என்ற நினைப்பு, இவ்வளவுதான் படத்தில் இருக்கிறது. எல்லாம் நமக்குள்ளேயும் இருக்கிற சரக்கு. அதனால்தான் கடைசியில் முடிச்சு அவிழும்போது நான் கை தட்டவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று படம் முடிந்து ரொம்ப நேரம் தாத்தா டிவியை அணைக்கவே இல்லை. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறியதை அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகச் சொன்னார். ஜன்னல் வழியாக அவரை உள்ளே தள்ளினார்களாம். ஒரு செருப்பு பிளாட்பாரத்திலேயே விழுந்துவிட்டதாம். ராஜன் யார் என்று தெரிந்த இடத்தில் அவர் முகம் ஏன் அப்படி மாறியது என்று அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதுவரை ஆறேழு தடவை பார்த்திருப்பேன். இரண்டாம் தடவை பார்த்தபோது ராஜனின் மனைவியாக நடித்த பண்டரிபாயின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை எனக்குத் தெரியாமல்போன அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது. எதையும் மறைக்கவில்லை, நான்தான் பார்க்கவில்லை. நீ சொன்ன படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தால் இப்படி ஏதாவது கிடைக்குமா? நிஜமாகவே கேட்கிறேன், கிடைத்தால் எழுது.

நல்ல பிரிண்ட்டாகத் தேடிப் பார். கறுப்பு வெள்ளையில் அந்த நிழல்களைப் பார்க்கவே ஒரு தடவை பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார். முடிந்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு, நான் விழித்திருப்பேன். உன் தங்கை இன்னும் பார்க்கவில்லை. அவளிடம் வாயைத் திறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா