மூன்று துவாய்க்கு இடம் விடு

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை எழுது.

போன ஞாயிறு வீடியோவில் கதைத்துக்கொண்டே நீ குளியலறைப் பக்கம் போனபோது, கதவின் மேல் ஈரத் துவாய் ஒன்று கிடந்ததைக் கண்டேன். நீலத் துவாய். ஒன்றே ஒன்று. கதவில் போட்டால் துவாயும் காயாது, கதவு மரமும் ஊறும். சின்ன வயதிலிருந்து சொல்கிறேன்.

நான் இங்கே கிணற்றடி அறைக்கு ஒரு துவாய்ச் சட்டம் செய்தேன். பழைய வீட்டுக் கூரையில் கழற்றிய பனஞ்சிலாகை கொட்டிலில் கிடந்தது. நல்ல கறுப்பு வைரம், வாள் பல்லையே மழுக்கிவிட்டது. பனையில் சிலாம்பு எழும்பினால் துவாயின் நூலை இழுக்கும், கையிலும் ஏறும். அரத்தாளை நார் ஓடுகிற பக்கமாகவே தேய்க்கவேண்டும். தேய்த்த பிறகு அம்மாவின் பழைய நூல்சேலைத் துண்டை மேலால் இழுத்துப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. அப்புறம்தான் வார்னிஷ், மூன்று தரம். வெட்டின முனைக்கும் பூசவேண்டும், தண்ணீர் அதாலேதான் ஏறும்.

நீயும் ஒன்று போடு. உங்கள் சுவர் எங்கள் சுவர் மாதிரிக் கல் இல்லை. ஜிப்சம் பலகை, உள்ளே வெறும் வெளி. பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு மரக்கால் நிற்கும். விரலால் தட்டிக்கொண்டு போ, சத்தம் மாறுகிற இடம் அதுதான். அதில்தான் ஸ்குரூ இறங்கவேண்டும். ஆணி அடிக்காதே. இங்கே உப்புத் தண்ணீருக்கு இரும்பாணி ஒரு மாரிக்குள் துருவேறி என் வேட்டியைக் கறையாக்கியது. கம்பு சுவரிலிருந்து 3 அங்குலம் விலகட்டும், காற்றுப் போகவேண்டும். நிலத்திலிருந்து 4 அடி உயரம். சின்னவளுக்கு எட்ட ஒன்றை 3 அடியில் வை. மூன்று கம்பு வை, மகன். ஆணி மட்டும் அடிக்காதே.

பெரிய கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். சொந்தச் சுவரில் ஒரு கம்பு போட உனக்கு நேரமில்லாமல் போய்விட்டதே.

மருமகள் வேலைக்குப் போய்விட்டாள், சின்னவள் நித்திரை என்றாய். அதற்கு முந்தின கிழமையும் அதைத்தான் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

உனக்கு ஆறு வயது, 1986இல். அப்பாவுக்கு மன்னாருக்கு மாற்றம் என்று சொன்னோம், ஞாபகம் இருக்கும். மாற்றம் ஒன்றும் இல்லை. நான் கைதடியில் அத்தை வீட்டில் இருந்தேன், நாலு மாதம். அம்மாவோடு ஒரு காசுக் கதை, கோபத்தில் வெளிக்கிட்டுப் போனேன். பிழை என்னுடையது. அது அடுத்த கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் படியேற வெட்கம். வேலை முடிந்து சைக்கிளில் எங்கள் ஒழுங்கை முகப்புவரை வந்து, திரும்பிப் போவேன். எத்தனை நாள் அப்படி.

திரும்பி வந்த அன்று கிணற்றடிக் கொடியில் என் சிவப்புக்கரைத் துவாய் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். யாரும் துடைக்காத துவாயை அம்மா கிழமைக்குக் கிழமை தோய்த்துப் போட்டிருக்கிறார். அது கொடியில் இல்லாவிட்டால் 'அப்பாவின் துவாய் எங்கே' என்று நீ கேட்பாயாம். அன்று பின்னேரம் மன்னாரிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாய். இங்கே பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கருவாடு வாங்கி வந்து, மன்னார்க் கருவாடு என்று தந்தேன். நீ ஆசையாகச் சாப்பிட்டாய். இவ்வளவு வருடமும் உனக்கு இதை நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை.

சிலாகை மிச்சம் 6 அடி கிடக்கிறது. 2 அடிக் கம்பு மூன்று வரும். அடுத்த மாதம் அங்கே வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். எத்தனை வெட்ட என்று எழுது. ஒன்றென்றாலும் எழுது, வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா
கோண்டாவில்