செரென் ஆங்கிலப் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் பிறக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைக்கிறார்களே என்று வருத்தப்பட்டு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். தமிழ் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் அவர் ஆங்கிலப் பெயர் என்று காட்டியதில் மேகன் ஒன்று. மேகன் வேல்ஸ் நாட்டுப் பெயர். இங்கிலாந்தை ஒட்டி, அதே பிரிட்டன் தீவில் இருக்கிற நாடு வேல்ஸ்; அதன் சொந்த மொழி வெல்ஷ். என் மகன் வழிப் பேத்திக்கும் வெல்ஷ் பெயர்தான் வைத்திருக்கிறோம் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகனும் மருமகளும் வேல்ஸில் கார்மார்தன் பக்கம் நர்ஸாக இருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே கேட்ட கேள்வி, "உங்க பேரத்தானே விட்டுருக்காங்க?" என்பதுதான். மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை விடுவது எங்கள் வழக்கம். குழந்தையின் பெயர் செரென் காந்திமதி. காந்திமதி என் பெயர். செரென் என்றால் வெல்ஷில் நட்சத்திரம். இதைச் சொன்னால், "அது என்ன இங்கிலீஷ் பேரு?" என்று அடுத்த கேள்வி வருகிறது.

வெல்ஷ் மொழி ஆங்கிலத்தின் கிளை இல்லை. ஆங்கிலம் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே வழங்கிய பிரித்தானிக் என்ற பழைய மொழியின் வாரிசு அது. அதற்கு 29 எழுத்துகள் உண்டு. 1588-லேயே முழு பைபிளும் அந்த மொழியில் அச்சாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டிவிடுவார்களாம். அடுத்து எந்தப் பிள்ளை வெல்ஷ் பேசி மாட்டுகிறதோ அதன் கழுத்துக்குப் பலகை மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது அது யார் கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளோடேயே காலத்தைக் கழித்தவள் நான். தாய்மொழியில் பேசியதற்காக ஒரு குழந்தை அடி வாங்கியது என்பதைப் படித்தபோது மனசு ஆறவில்லை.

அந்த மக்கள் விட்டுவிடவில்லை. தங்கள் மொழியில் ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்று கேட்டு, 1980-ல் க்வின்வோர் எவன்ஸ் என்ற அரசியல் தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது, 1982-ல் ஒளிபரப்பு தொடங்கியது. 2011-ல் வெல்ஷ் அங்கே சட்டப்படி ஆட்சிமொழி ஆனது. இத்தனைக்கும் 2021 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுகிறவர்கள் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர்தான். 2050-க்குள் 10 லட்சம் ஆக்குவோம் என்று அந்த அரசு பாடுபடுகிறது. மொழிக்காக உயிரைக் கொடுத்த நாட்டில் இருக்கிற நாம், அவர்கள் பெயரைத் தூக்கி ஆங்கிலக் கணக்கில் எழுதலாமா?

பெயர் தேடியதும் சும்மா நடக்கவில்லை. அங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். வேல்ஸில் வெல்ஷும் ஆங்கிலமும் சேர்த்தே பதியலாம். மருமகளோடு வேலை பார்க்கிற ஒரு வெல்ஷ் அம்மா, போனில் ஒவ்வொரு பெயராக எனக்குச் சொல்லிக் காட்டினார். கரிஸ் என்று ஒன்று, அன்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. அழகான பெயர், ஆனால் இங்கே எல்லாருக்கும் அடுப்புக்கரிதான் ஞாபகம் வரும். லினோஸ் ஒரு பாடும் குருவி. அதன் முதல் எழுத்து நம் 'ல' இல்லை. நாக்கு நுனியை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு ஓரமாகக் காற்றை ஊத வேண்டும். நானும் என் தங்கையும் ஊதிப் பார்த்தோம், வந்தபாடில்லை. பேத்தியின் பெயரை ஆச்சி தப்பாகக் கூப்பிடக்கூடாது என்று அதை விட்டோம். ஹெலெத் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவள் அண்ணனைப் போரில் பறிகொடுத்துப் புலம்புகிற இளவரசி, தந்தையை இழந்து புலம்பிய நம் பாரி மகளிரைப் போல. பச்சைப்பிள்ளைக்கு அந்தத் துக்கம் வேண்டாம் என்று மகன் சொன்னான், சரி என்றேன். செரென் வந்ததும் பேச்சு நின்றது. அதில் வரும் 'ர' நம் 'ர' மாதிரியே உருளுகிறது. அந்த அம்மாவும் நானும் ஒரே மாதிரி சொன்னோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வேல்ஸில் முற்காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. மகன் என்றால் 'அப்', மகள் என்றால் 'வெர்ஹ்' என்று போட்டு அப்பா பெயரைச் சேர்ப்பார்கள். நாம் இனிஷியல் போடுகிறோமே, அதே முறை. இன்றைக்கும் சிலர் அந்த வழக்கத்துக்குத் திரும்புகிறார்களாம்.

நான் வைத்திருந்த சத்துணவுப் பதிவேட்டில் இசக்கியம்மாளும் முப்பிடாதியும் எஸ்தரும் மரியாளும் பாத்திமாவும் அடுத்தடுத்த வரியில் இருந்தார்கள். எபிரேயத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வந்த பெயர்களை நெல்லைச் சீமை என்றோ தன் பெயர்களாக ஆக்கிக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் என்பதும் நமக்குப் புதிது இல்லை. மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதற்காக, அந்தப் பெயர் விட்ட பிள்ளையை மருமகள் வேறு பெயரில் கூப்பிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வேல்ஸும் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. மெஞ்ஞானபுரத்தில் ஊழியம் செய்து 1870-ல் அங்கேயே இறந்த கிறிஸ்தவ மிஷனரி ஜான் தாமஸ் ஐயர், என் மகன் இப்போது இருக்கிற அதே கார்மார்தன் சீமையில் பிறந்தவர்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிக் கடிதங்களோ பெயர்ப் பட்டியலோ வெளியிடும்போது, வெல்ஷ் பெயரை வெல்ஷ் பெயர் என்றே போடுங்கள். நம் ஊரிலிருந்து வேல்ஸுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பட்டியலைப் பார்த்து மட்டும் பெயரை முடிவு செய்யாதீர்கள். அந்த மொழி பேசுகிற ஒருவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் ஊரில் இருக்கிற ஆச்சியையும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேர் வாயிலும் சரியாக வந்தால் தைரியமாக வையுங்கள்.

இப்படிக்கு,
காந்திமதி,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பாளையங்கோட்டை.